கோலியஸ் ஒப்பந்தம்: ரேட்டுக்கு முன்னால் அளவையைப் பேசுங்கள்

சேலம் மாவட்டம் ஆத்தூர், வாழப்பாடி, கெங்கவல்லி பக்கம் கோலியஸ் போடச் சொல்லி ஏஜென்ட் வந்தால், எல்லாரும் முதலில் கேட்பது "கிலோ என்ன ரேட்டு?" அதைக் கடைசியில் கேட்டால் போதும். கோலியஸ் என்கிற மருந்துக் கூர்க்கனை உழவர் சந்தையில் கூறு போட்டு விற்க முடியாது. காய்ந்த கிழங்கிலிருந்து ஃபோர்ஸ்கோலின் என்ற மருந்துச் சத்தைப் பிரித்தெடுக்கும் சில கம்பெனிகள்தான் வாங்கும். அவர்கள் ரேட்டைத் தாராளமாகவே எழுதிக் கொடுக்கலாம். ஈரம், கழிவு, மருந்துச் சத்து என்று மூன்று இடத்தில் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம். மரவள்ளி போட்டவர்களுக்கு இது புதிதல்ல. ஆலையில் பாயிண்ட், அதாவது மாவுச்சத்து அளவு, பார்ப்பவர் கையில்தான் டன் விலை இருக்கிறது.

முதல் வேலை, எதிரில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்ப்பது. ஏஜென்ட் தன் பெயரில் போடும் ஒப்பந்தத்துக்குக் கம்பெனி பொறுப்பேற்காது. பணம் எந்தக் கணக்கிலிருந்து வரப்போகிறதோ அந்த நிறுவனத்தின் முத்திரையும், கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவரின் கையெழுத்தும் வேண்டும். ஜி.எஸ்.டி. எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் பெயர் சரியா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். 2019-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த ஒப்பந்தப் பண்ணையச் சட்டப்படி ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வழி இருக்கிறது. சேலத்தில் வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். "பதிவெல்லாம் எதுக்குங்க, நம்பிக்கைதானே" என்று சொல்பவரை அப்போதே திருப்பி அனுப்பிவிடலாம். சிட்டா, அடங்கல் நகல் கொடுத்தால் போதும். மூலப் பத்திரம், எழுதாத செக், வெற்று முத்திரைத்தாள் மூன்றும் கைமாறக் கூடாது.

அடுத்து அளவு. "ஏக்கருக்கு இத்தனை கிலோ கொடுக்க ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதாதீர்கள். ஹெக்டேருக்கு 2,000 முதல் 2,200 கிலோ காய்ந்த கிழங்கு என்பது பயிர் நன்றாக வந்தால் கிடைக்கும் கணக்கு. ஏக்கருக்கு 800 முதல் 900 கிலோ. வாடல் நோய் வந்தால் பாதிகூடத் தேறாது. அதனால் எடையை விட்டுவிட்டுப் பரப்பை எழுதுங்கள்: "இந்த சர்வே எண்ணில் உள்ள இத்தனை ஏக்கரில் விளைவது முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொள்ளும்." 'முழுவதையும்' என்ற சொல் இல்லாவிட்டால், விலை விழும் வருடத்தில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுவார்கள்.

நாற்றுதான் கம்பெனியின் முதல் பிடி. பாருக்குப் பார் 60 செ.மீ., செடிக்குச் செடி 45 செ.மீ. என்றால் ஏக்கருக்குச் சுமார் 15,000 நாற்று. பட்டுப்போன நாற்று இடத்தை நிரப்ப இன்னும் ஆயிரத்து ஐந்நூறு. நுனித்தண்டு 10 முதல் 12 செ.மீ. நீளம், மூன்று நான்கு ஜோடி இலை இருக்க வேண்டும். வேர் விட்ட நாற்றாக வந்தால் ஒவ்வொரு பெட்டியிலும் இருபதை உருவி, வேரைக் கழுவிப் பாருங்கள். மணி மணியாக முடிச்சு தென்பட்டால் அது வேர்முடிச்சு நூற்புழு. அந்த நாற்று உங்கள் மண்ணையும் கெடுக்கும், பின்னாலேயே வாடல் நோயையும் கூட்டி வரும். முடிச்சோடு போட்டோ எடுத்து, அன்றைய தேதியிலேயே எழுத்துமூலம் திருப்பி அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: "கம்பெனி கொடுத்த நாற்றின் குறையால் பயிர் போனால் நாற்று விலை பிடிக்கப்படாது." இந்த வரி இல்லாததால்தான் பயிரும் போய் நாற்றுக் கடனும் நிற்கிறது.

சாகுபடி முறையை வேளாண் அலுவலரே சொல்வார். வடகிழக்குப் பருவமழையில் பாரில் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஐந்தாறு மாதத்தில் அறுவடை. அறுவடைத் தேதியைக் கம்பெனி சொல்லும் என்று இருந்தால், அந்தத் தேதி தள்ளிப்போய் வரும் நட்டம் யாருடையது என்றும் எழுதுங்கள்.

பறித்த கிழங்கைக் கழுவி அரை செ.மீ. கனத்துக்கு நறுக்கிக் காய வையுங்கள். 40 டிகிரி சூட்டில் இயந்திரத்தில் உலர்த்தினால் ஃபோர்ஸ்கோலின் நன்றாக நிற்கும். பாலித்தீன் உறை போட்ட சாக்கில் கட்டுங்கள். கிடப்பில் கிடந்தால் சத்து குறையும், ஈரமும் ஏறும். ஆகவே சத்துக்கும் எடைக்கும் கணக்கு, சரக்கு உங்கள் களத்தில் ஏறும் நாளில் இருக்க வேண்டும். குடோனில் மூன்று வாரம் கிடந்தபின் எடுத்த மாதிரிக்கு நீங்கள் பொறுப்பாக முடியாது.

எடை போடும்போது கூடவே நின்று பாருங்கள். மின்னணுத் தராசுக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை வருடம் ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும், சான்றிதழைக் கேட்கலாம். சாக்குக்கு ஒரு கிலோ என்று கண்மூடிக் கழிப்பார்கள். வெறும் சாக்கு பத்தை ஒன்றாக எடை போட்டுப் பத்தால் வகுத்தால் பேச்சு முடிந்தது.

ஈரப்பதக் கணக்குதான் பெரும்பாலும் ஏமாறும் இடம். ஒப்பந்தம் 12 சதவீதம் என்கிறது, உங்கள் சரக்கு 14 என்று வைத்துக்கொள்வோம். 1,000 கிலோவில் உலர்பொருள் 860 கிலோ. அதை 0.88-ஆல் வகுத்தால் 977 கிலோ. நியாயமாகக் கழிக்க வேண்டியது 23 கிலோ. "கூடுதல் ஒரு சதவீதத்துக்கு இரண்டு சதவீதம் கழிவு" என்று எழுதியிருந்தால் 40 கிலோ போய்விடும். இதற்கு மறுபக்கமும் உண்டு. நீங்கள் 10 சதவீதம் வரை காய வைத்தால் 1,000 கிலோ உண்மையில் 1,023 கிலோவுக்குச் சமம். அந்த 23 கிலோவைக் கம்பெனி சும்மா வாங்கிப் போகிறது. சூத்திரத்தையே எழுதிவிடுங்கள்: எடை × (100 − உண்மை ஈரம்) ÷ 88, இரு பக்கமும் பொருந்தும்.

மருந்துச் சத்துக்கு ஏற்ப ரேட் மாறும் என்றால் மாதிரி எடுக்கும் முறை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு சாக்கிலும் குத்தூசியால் மேல், நடு, அடி மூன்று இடத்தில் எடுங்கள். தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுங்கள். முக்கால் கிலோ வரும்வரை இதையே திரும்பச் செய்து, 250 கிராமாக மூன்று பொட்டலம் கட்டி, ஒட்டிய வாயின் குறுக்கே இருவரும் கையெழுத்திடுங்கள். ஒன்று கம்பெனிக்கு, ஒன்று உங்களுக்கு, மூன்றாவது இருவரும் ஒப்புக்கொண்ட பொது ஆளிடம். முடிவு பிடிக்காவிட்டால் மூன்றாவது பொட்டலம் வெளி ஆய்வகத்துக்குப் போகும். தோற்றவர் கட்டணம் கட்டுவார். இரகத்தையும் அறுவடைத் தேதியையும் கம்பெனியே முடிவு செய்கிறது என்றால், சத்துக் குறைவுக்கு விவசாயியைத் தண்டிக்கும் விதியை ஏற்கவே வேண்டாம். அது எங்கள் உறுதியான கருத்து.

பொடி எழுத்து என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்கா ஒரு பாடம். கலிபோர்னியாவில் 2016-இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க மக்கள் வாக்களித்தபோது, ஒரு ஏக்கருக்கு மேற்பட்ட பண்ணைக்கு 2023 வரை உரிமம் இல்லை, அதுவரை சிறு விவசாயிகள் காலூன்றலாம் என்றார்கள். பின்னால் வந்த விதியில், சிறு உரிமங்களை ஒருவரே எத்தனை வைத்திருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு இல்லை. பெரிய கம்பெனிகள் சிறு உரிமங்களை அடுக்கி வாங்கிப் பெரும் பண்ணை ஆக்கின. 2015-இல் ஒஹாயோவில் இன்னும் பச்சையாக, பிரசாரத்துக்குப் பணம் போட்டவர்களின் 10 இடங்களில் மட்டுமே பெரிய அளவில் பயிரிடலாம் என்று முன்மொழிந்தார்கள், மக்கள் தோற்கடித்தார்கள்.

அதே கஞ்சா வகைச் செடியை "ஹெம்ப், நாருக்குத்தான்" என்று சொல்லி விதை கொடுக்க வருபவர்களும் உண்டு. உத்தரகாண்ட் போன்ற மாநிலங்கள் உரிமம் கொடுப்பது அந்த மாநிலத்துக்கு மட்டும். உரிமமில்லாமல் பயிரிட்டால் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி பத்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். ஜெயிலுக்குப் போவது நிலத்துக்காரர்; ஏஜென்ட்டின் போன் அன்றே அணைந்திருக்கும்.

தனியாகப் பேசினால் இந்த விதிகளில் பாதியைக்கூட வாங்க முடியாது. பத்து விவசாயிகள் இருந்தாலே உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதியலாம். ஒரே ஊரில் முப்பது ஏக்கர் சேர்ந்தால் கம்பெனி லாரி ஒரே நடையில் நிரம்பும். அதுதான் உங்கள் பேரப் பலம்.

பணத்துக்கு: சரக்கு ஏறிய 15 நாளுக்குள் வங்கிக் கணக்கில், தாமதித்தால் மாதவட்டி எவ்வளவு என்பதோடு எழுதுங்கள். நாற்று, உரம், முன்பணம் எதுவாக இருந்தாலும் பில்லோடு ஒரு நோட்டில் ஏறட்டும், பக்கத்துக்குப் பக்கம் இரண்டு கையெழுத்து. கணக்கு முழுதும் தீர்ந்து பணம் ஏறும்வரை உங்கள் மாதிரிப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.