தீபாவளிக்குப் பிறகு கூண்டைக் கண்டாலே நாய் மிரண்டால்

வெடிச்சத்தத்தின்போது கூண்டில் பூட்டியிருந்த நாய், பிறகு அதே கூண்டை நாசம் செய்யத் தொடங்கலாம். மெத்தையை மட்டும் கிழித்தால் சலிப்பாக இருக்கலாம். கதவோரக் கம்பி வளைந்து, நெஞ்செல்லாம் எச்சில், ஈறில் ரத்தம் என்றால் அது பயம். இன்னும் கனமான கூண்டு வாங்காதீர்கள், கோரைப்பல்தான் உடையும்.

எங்கள் நாய் இப்படி மிரண்டபோது, முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். காதுச் சீழ், மூட்டுவலி, உண்ணிக் காய்ச்சல் இருந்தாலும் திடீரென்று இப்படி ஆகும்.

அடுத்து, பூட்டுவதை அடியோடு நிறுத்தினோம். கூண்டை வேறு அறைக்கு மாற்றி, கதவைக் கழற்றி, சாப்பாட்டை உள்ளே வைத்தோம். தானாகப் போய்ப் படுக்க ஆரம்பித்ததும் கதவை மாட்டி, 1 நொடி மூடித் திறந்தோம். பிறகு 3, 5, நடுவில் மறுபடி 2, அப்புறம் 10. நேரம் ஏறிக்கொண்டே போனால் நாய் உஷாராகிவிடும். உதட்டை நக்குவது, கொட்டாவி, மூச்சிரைப்பு தெரிந்தால் உடனே நேரத்தைப் பாதியாக்குங்கள். பயிற்சி முடியும்வரை வீட்டில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். ஒருமுறை கதறவிட்டாலும் பழைய பயம் திரும்பிவிடலாம், பாவம்.

உப்பும் தாளிப்பும் இல்லாத தயிர்சாதத்தை ரப்பர் பொம்மையில் அடைத்து, ஃப்ரீசரில் உறையவைத்துக் கூண்டுக்குள் கொடுத்தோம். அதைத் தொடாமல் விட்டால் பயம் இன்னும் போகவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம்.

முற்றிய பயத்துக்கு மருத்துவர் எழுதித்தரும் ஃப்ளூஆக்ஸெடின் என்ற பதற்றம் தணிக்கும் மருந்து வேலைசெய்ய 4 முதல் 6 வாரம் பிடிக்கும். மனிதர்களின் தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவே கூடாது. கூண்டே ஒத்துவராத நாய்க்கு, வாசலில் தடுப்பு வைத்த ஓர் அறை போதும்.