திவி காவி ஓவியத்தைப் பார்க்கும் முறை

ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியம் என்றதும் பாலைநிலத்தின் புள்ளி ஓவியங்களே பலருக்கு நினைவில் எழுகின்றன. அதனால் திவி ஓவியத்தின் முன் நிற்பவரும் இந்த வட்டம் எந்த நீர்நிலை, இந்தக் கோடு எந்தப் பாதை என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார். அந்தக் கேள்வியை முதலில் ஒதுக்கி வையுங்கள். வட ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், பாதர்ஸ்ட், மெல்வில் என்ற இரு தீவுகளில் வாழும் திவி மக்கள் தம் வண்ண வேலைப்பாட்டை ‘ஜிலமாரா’ என்கிறார்கள். அது குறிக்குக் குறி பொருள் சொல்லும் படஎழுத்து அன்று. சடங்கில் ஆடுவோரின் உடலிலும் இறந்தோருக்கான கம்பத்திலும் தீட்டப்பட்டு, அங்கிருந்து மரப்பட்டைக்கும் தாளுக்கும் சித்திரத் துணிக்கும் வந்து சேர்ந்தது. எனவே எதைக் குறிக்கிறது என்பதைவிட, முன்பு எதன்மேல் இருந்தது என்று கேட்பதே பயன் தரும்.

பார்வையை வண்ணத்திலிருந்து தொடங்குங்கள். மஞ்சள் காவி, வெள்ளைக் களிமண், மரக்கரி ஆகிய மூன்றும் நேரடியாகக் கிடைப்பவை. சிவப்பு பெரும்பாலும் மஞ்சளை நெருப்பில் சுட்டுப் பெறப்படுகிறது. மஞ்சள் காவியிலுள்ள இரும்புச் சேர்மம் சூட்டில் தன் நீரை இழந்து சிவப்பாக மாறுகிறது என்பதால், ஒரே படத்தில் மஞ்சளும் சிவப்பும் அருகருகே நின்றால் அவை ஒரே மண்ணின் இரு நிலைகளாகவும் இருக்கலாம். பொடித்த காவி ஒட்டிப் பிடிக்க முற்காலத்தில் ஆர்க்கிட் செடியின் சாறு போன்றவை சேர்க்கப்பட்டன. இன்று செயற்கைப் பசை கலக்கிறார்கள். படத்தைச் சற்றுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: காவிப் பரப்பு ஒளியைத் திருப்பி வீசாது, மண்சுவர் போல உள்வாங்கிக்கொள்ளும்.

அந்த மண் யாருடையது என்பதும் பார்வையின் ஒரு பகுதிதான். திவி மரபில் நிலம் தந்தை வழியாகவும், ‘யிமிங்கா’ என்னும் குலப்பிரிவு தாய் வழியாகவும் வருகின்றன. 1976ஆம் ஆண்டின் வட ஆட்சிப்பகுதி நிலவுரிமைச் சட்டத்தின் கீழ் தீவுகள் திவி மக்களுக்கே உரியவை. 1978இல் அமைந்த திவி நிலமன்றம் அவ்வுரிமையைக் காக்கிறது. போகிற வழியில் கிடைக்கும் மண்தானே என்று பயணி ஒருவர் ஒரு பிடி காவியை அள்ளிக்கொள்ளக் கூடாது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, புள்ளிகளை நெருங்கிப் பாருங்கள். ஒரே அளவு இடைவெளியில் நேர்கோடாக நிற்கும் புள்ளிகள் தெரிந்தால், அவை இரும்புமரத்தில் செதுக்கிய சீப்பின் பற்களைக் காவியில் தோய்த்து ஒரே அழுத்தில் பதித்தவையாக இருக்கும். ‘புவோஜா’ எனப்படும் இந்தச் சீப்பு திவி மக்களுக்கே உரிய கருவி. திவி ஓவியர் பெட்ரோ வோனேயாமிரியின் படைப்புகளில் இதன் ஒழுங்கைத் தெளிவாகக் காணலாம்.

இனிச் சடங்குக்கு வருவோம். இங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டும். அதன் தொடக்கத்தைத் திவி மக்களின் தொன்மக் கதை ஒன்று சொல்கிறது. புருகுபார்லி என்னும் மூதாதையின் மனைவி பீமா, அவனுடைய சகோதரன் தபராவோடு இருந்த வேளையில், மரத்தடியில் விடப்பட்ட குழந்தை ஜினானி வெயிலில் இறந்துபோனது. மூன்று நாளில் பிள்ளையை உயிர்ப்பித்துத் தருவதாகத் தபரா கெஞ்சியும் புருகுபார்லி ஏற்கவில்லை. இனி எல்லோரும் இறந்தே தீர வேண்டும் என்று சொல்லி, பிள்ளையின் உடலைச் சுமந்தபடி கடலுக்குள் நடந்தான். தபரா நிலவானான், பீமா இரவில் அலறும் கண்கிலேடி இனப் பறவையானாள். அந்த முதல் சாவுக்குச் செய்யப்பட்டதே ‘புகுமானி’ என்னும் இறப்புச் சடங்கின் தொடக்கம். இறந்தவரின் ஆவி தம்மை அடையாளம் காணாதிருக்க உறவினர் முகத்திலும் உடலிலும் காவி பூசி ஆடுவார்கள். ‘துதினி’ என்னும் செதுக்கி வண்ணமிட்ட கம்பங்களைக் கல்லறையைச் சுற்றி நட்டு, மழையிலும் வெயிலிலும் சிதையவே விட்டுவிடுவார்கள். 1958இல் செய்யப்பட்ட 17 கம்பங்கள் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றைப் பார்க்கும்போது, ஊரில் இருந்திருந்தால் இவை இந்நேரம் மண்ணாகியிருக்கும் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பெரிய வட்டங்கள் கண்ணில் பட்டால் ‘குலாமா’ சடங்கை நினையுங்கள். மழைக்காலத்தின் இறுதியில், நிலவைச் சுற்றி வளையம் தோன்றும் பருவத்தில், நச்சு நீக்கி உண்ண வேண்டிய காட்டுக் கிழங்கை மையமாக வைத்து நடக்கும் விழா அது. 2012இல் ஆஸ்திரேலியாவின் தேசியப் பழங்குடிக் கலை விருதைப் பெற்ற திவி ஓவியர் டிமோதி குக்கின் ஓவியம் அதைப் பற்றியதே.

ஓவியம் வாங்க விரும்புவோர், தீவுகளின் ஊர்களான மிலிகாபிடியின் ஜிலமாரா, பிர்லங்கிம்பியின் முனுபி, வுருமியாங்காவின் திவி டிசைன் ஆகிய கலை மையங்களின் சான்றிதழைக் கேட்டுப் பெற வேண்டும். ஓவியர் மறைந்துவிட்டிருந்தால், அவர் பெயரைச் சொல்லலாமா என்று மையத்தாரிடம் முதலில் விசாரியுங்கள். துக்கக் காலத்தில் இறந்தவரின் பெயரை உச்சரிப்பது விலக்கப்பட்டது. ஓவியரைப் பற்றிய குறிப்பில் பிறந்த ஆண்டோடு அவருடைய நிலம், குலப்பிரிவு, தந்தை வழியில் வந்த நடனம் ஆகிய மூன்றும் இருந்தால், விலையைப் பார்ப்பதற்கு முன் அவற்றைப் படித்துவிட்டு மீண்டும் ஒருமுறை படத்தின் முன் வந்து நில்லுங்கள்.