பொய் எந்தச் சொத்தில் ஒளிந்திருக்கிறது? சத்யம், வேர்ல்ட்காம் கணக்குகளை வைத்து நிதிநிலை அறிக்கை படிக்கும் முறை

ஒரு நிறுவனம் நடக்காத விற்பனையை 100 கோடிக்கு எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனைக் கணக்கில் 100 கோடி வரவு ஏறிவிட்டது. இரட்டைப் பதிவு முறையில் அதற்கு ஈடாக எங்காவது 100 கோடி பற்று விழுந்தே ஆக வேண்டும். பணம் வந்திருந்தால் வங்கிக் கணக்கில் விழும். வராவிட்டால் கடனாளிகள் பெயரில் நிற்கும். இரண்டுமே உண்மையில்லை என்றால், இல்லாத அந்த 100 கோடியை ஏதாவது ஒரு சொத்தின் பெயரில் உட்கார வைத்துத்தான் ஆக வேண்டும்.

இலாப நட்டக் கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை சுழியத்திலிருந்து தொடங்குகிறது. போன வருடப் பொய் அதில் மறைந்துவிடும். இருப்புநிலைக் குறிப்பு (பேலன்ஸ் ஷீட்) அப்படியில்லை. அதில் ஏற்றிய கற்பனைச் சொத்து அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் கூடவே வரும். புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இலாபத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இருப்புநிலைக் குறிப்பில் தொடங்குங்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. எந்தச் சொத்து காரணமில்லாமல் வீங்கியிருக்கிறது என்பதே கேட்க வேண்டிய முதல் கேள்வி.

படி 1: தாளைத் தயார் செய்யுங்கள்

பட்டியலிடப்பட்ட இந்திய நிறுவனம் என்றால் பி.எஸ்.இ. அல்லது என்.எஸ்.இ. தளத்தில் ஆண்டறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கும். கடைசி 5 ஆண்டு அறிக்கைகளை இறக்கிக்கொள்ளுங்கள். பங்குச் சந்தைச் செயலிகள் தரும் சுருக்கப் பட்டியல் போதாது. நமக்கு வேண்டிய தலைப்புகளை அவை வேறு தலைப்புகளோடு சேர்த்துக் கூட்டிவிடும்.

எக்செல் தாளில் 5 நெடுவரிசை, 14 வரிசை போதும். விற்பனை, எபிட்டா (தேய்மானம், வட்டி, வரி கழிப்பதற்கு முந்தைய இலாபம்), பிற வருமானம், அதில் வட்டி வருமானம் மட்டும், நிகர இலாபம், கடனாளிகள், சரக்கிருப்பு, ரொக்கமும் வங்கி இருப்பும், கூடியுள்ள வட்டி (சேர்ந்தும் இன்னும் கைக்கு வராதது), நிலைச் சொத்துகள், முடிவுறாத மூலதனப் பணிகள் (இன்னும் கட்டி முடியாத ஆலை போன்றவை), மொத்தக் கடன், செயல்பாட்டிலிருந்து வந்த ரொக்கம், நிலைச் சொத்து வாங்கச் செலவிட்ட ரொக்கம்.

இந்த இடத்திலேயே மூன்று தவறுகள் நடக்கும். ஒன்று, ஓர் ஆண்டுக்கு ஸ்டாண்ட்அலோன் (தாய் நிறுவனம் மட்டும்) கணக்கையும் அடுத்த ஆண்டுக்குக் கன்சாலிடேட்டட் (துணை நிறுவனங்களையும் சேர்த்த) கணக்கையும் எடுத்துவிடுவது. துணை நிறுவனங்கள் இருந்தால் ஐந்து ஆண்டுக்கும் கன்சாலிடேட்டட் எண்களையே எடுங்கள். இரண்டு, இலட்சத்தையும் கோடியையும் கலப்பது. அட்டவணையின் வலது மூலையில் சின்ன எழுத்தில் அலகு இருக்கும். மூன்று, முந்தைய ஆண்டு எண்ணைப் பழைய அறிக்கையிலிருந்து மட்டும் எடுப்பது. புதிய அறிக்கையின் ஒப்பீட்டு நெடுவரிசையில் அதே எண் மாறியிருந்தால் அது திருத்தி எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள். புதிய எண்ணைப் பயன்படுத்துங்கள். ஏன் மாறியது என்பதைக் குறிப்புகளில் தேடுங்கள்.

இந்த முறை வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் பொருந்தாது. அவர்களுக்குக் கடன் கொடுப்பதே தொழில் என்பதால் சொத்து, ரொக்கம் இரண்டின் பொருளும் வேறு.

படி 2: ஒவ்வொரு சொத்தையும் விற்பனையால் வகுங்கள்

கடனாளிகள், சரக்கிருப்பு, நிலைச் சொத்து, முடிவுறாத பணிகள், வங்கி இருப்பு என ஒவ்வொன்றையும் அந்தந்த ஆண்டு விற்பனையால் வகுத்துச் சதவீதமாக எழுதுங்கள். விற்பனை இரண்டு மடங்கானால் சொத்துகளும் ஏறக்குறைய இரண்டு மடங்காவது இயல்பு. ஒன்று மட்டும் நான்கு மடங்காகியிருந்தால் அதை வட்டமிடுங்கள். வட்டமிட்டதெல்லாம் மோசடி ஆகிவிடாது. புதிய ஆலை கட்டும் நிறுவனத்தில் முடிவுறாத பணிகள் வீங்கத்தான் செய்யும். விளக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

படி 3: கடனாளி நாட்கள், அதன் எல்லை

கடனாளிகளை விற்பனையால் வகுத்து, காலத்தின் நாட்களால் பெருக்கினால் விற்ற பணம் கைக்கு வர எத்தனை நாளாகிறது என்று தெரியும். போலி விற்பனையைப் பிடிக்க எல்லாரும் முதலில் சொல்லித்தரும் சோதனை இதுதான். இதை ஹைதராபாத்தின் மென்பொருள் நிறுவனமான சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கணக்கில் போட்டுப் பார்ப்போம்.

2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் பொய் எழுதியதை ஒப்புக்கொண்டு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில் பொய் எண்ணும் உண்மை எண்ணும் அருகருகே இருந்தன. படிக்கிறவர்களுக்கு இப்படியொரு வாய்ப்பு அரிது. 2008 ஜூலை முதல் செப்டம்பர் வரையான காலாண்டில் காட்டிய வருவாய் 2,700 கோடி ரூபாய், உண்மையில் 2,112 கோடி. காட்டிய கடனாளிகள் 2,651 கோடி. அதில் 490 கோடி மிகை, ஆக உண்மையில் 2,161 கோடி.

காட்டிய எண்களின்படி: 2,651 ÷ 2,700 × 92 = சுமார் 90 நாள்.
உண்மை எண்களின்படி: 2,161 ÷ 2,112 × 92 = சுமார் 94 நாள்.

பொய்க் கணக்கில் நாட்கள் கூடவில்லை, சற்றுக் குறைந்தே இருக்கிறது! பாடப்புத்தகச் சோதனை இங்கே எதையும் காட்டிக்கொடுத்திருக்காது. பொய்யின் பெரும்பகுதி கடனாளிகளிடம் நிறுத்தப்படவில்லை. பணம் வசூலாகிவிட்டதாக எழுதி, வங்கி இருப்புக்கு நகர்த்தப்பட்டிருந்தது. ஒரு விகிதம் நன்றாக இருக்கிறது என்பதோடு நின்றுவிடக் கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்றைக்கு நமக்குக் கூடுதல் வசதி ஒன்று உண்டு. 2021-22 நிதியாண்டு முதல் நிறுவனச் சட்டத்தின் அட்டவணை 3-இன்படி கடனாளிகளை வயதுவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும்: 6 மாதத்துக்குள், 6 மாதம் முதல் 1 ஆண்டு, 1 முதல் 2, 2 முதல் 3, அதற்கு மேல். மொத்த நாட்கள் மாறாமலிருந்து, ஓராண்டைத் தாண்டிய பங்கு மட்டும் வளர்ந்துகொண்டே போனால் அது வாராக்கடனாகக் காத்திருக்கிறது.

படி 4: வங்கி இருப்பையும் நம்பிவிடாதீர்கள்

சத்யம் கணக்கின் நடுப்புள்ளி இதுதான். 2008 செப்டம்பர் 30 அன்று ஏட்டில் இருந்த ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி. அதில் 5,040 கோடி இல்லவே இல்லை. கையில் இருந்தது 321 கோடி.

இப்போது ஒரு கழித்தல் போடுங்கள். வருவாயில் மிகை: 2,700 − 2,112 = 588 கோடி. செயல்பாட்டு இலாபம் காட்டியது 649 கோடி, உண்மை 61 கோடி; மிகை 649 − 61 = 588 கோடி. அந்தக் காலாண்டில் போலி வங்கி இருப்பு கூடியதும் 588 கோடி. மூன்றும் ஒரே எண். நடக்காத விற்பனைக்குச் சம்பளமில்லை, மின்கட்டணமில்லை. எழுதிய தொகை முழுவதும் அப்படியே இலாபத்தில் இறங்கி, அப்படியே வங்கிக் கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டது. 3 சதவீத இலாப விகிதம் 24 சதவீதமானது இப்படித்தான்.

இதனால் இன்னொரு புகழ்பெற்ற சோதனையும் தோற்றது. “இலாபம் கருத்து, ரொக்கமே உண்மை” என்று சொல்லி, செயல்பாட்டு ரொக்கத்தையும் இலாபத்தையும் ஒப்பிடச் சொல்வார்கள். நல்ல சோதனைதான், செய்யுங்கள். 5 ஆண்டு எபிட்டாவைக் கூட்டுங்கள். ரொக்க ஓட்ட அறிக்கையில் வரி கட்டுவதற்கு முன்னால் வரும் செயல்பாட்டு ரொக்கத்தையும் 5 ஆண்டுக்குக் கூட்டுங்கள். இரண்டாவது எண் முதலாவதை விட மிகவும் குறைந்தால், இடைவெளி கடனாளிகளிலோ சரக்கிருப்பிலோ இருக்கும். ஆனால் வங்கி இருப்பே போலியானால் இரண்டு எண்ணும் அழகாகப் பொருந்தும்.

அப்படியானால் வெளியிலிருந்து படிக்கிற நாம் என்ன செய்வது? பணம் இருந்தால் அது வேலை செய்த தடயம் இருக்க வேண்டும். அந்தத் தடயத்தைத் தேடுங்கள்.

வட்டியைக் கணக்கிடுங்கள். ஆண்டின் தொடக்க இருப்பு 800 கோடி, இறுதி இருப்பு 1,200 கோடி, வட்டி வருமானம் 24 கோடி என்று வைத்துக்கொள்வோம். சராசரி 1,000 கோடிக்கு 2.4 சதவீதம். அந்த ஆண்டில் வங்கிகள் டெபாசிட்டுக்கு 6 சதவீதம் தந்திருந்தால், ஒன்று பணம் நடப்புக் கணக்கில் சும்மா கிடந்தது, அல்லது மார்ச் 31-ஐ ஒட்டி மட்டும் வந்துபோனது, அல்லது இல்லை. முடிவுக்கு வருமுன் செப்டம்பர் மாத அரையாண்டு இருப்பையும் சேர்த்துச் சராசரி எடுங்கள்.

வட்டி கைக்கு வந்ததா என்றும் பாருங்கள். சத்யத்தில் வட்டியும் கற்பனையே: கூடியுள்ள வட்டியாக ஏட்டில் இருந்த 376 கோடி இல்லாத பணம். வங்கி இருப்பில் அது 7 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஓராண்டு வட்டி அளவுக்கு வராமலே நின்ற தொகை. ரொக்க ஓட்ட அறிக்கையில் முதலீட்டுப் பிரிவில் “பெற்ற வட்டி” என்ற வரி இருக்கும். அதை இலாப நட்டக் கணக்கின் வட்டி வருமானத்தோடு ஒப்பிடுங்கள். பெற்றது ஆண்டுதோறும் அதைவிடக் குறைவாகவே இருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

கையில் நிறையப் பணம் வைத்துக்கொண்டு அதிக வட்டிக்குக் கடன் வாங்குவதும் அப்படித்தான். ஆனால் சத்யத்தில் 1,230 கோடி பொறுப்பு (திருப்பித் தர வேண்டிய தொகை) ஏட்டுக்கே வரவில்லை. 5,040, 376, 490, 1,230 நான்கையும் கூட்டினால் 7,136 கோடி. ஓட்டையின் முழு அளவு அது.

அந்தப் பணம் எங்கே செலவாகப் போகிறது என்பதும் தடயம். 2008 டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தோடு தொடர்புடைய மேடாஸ் நிறுவனங்கள் இரண்டை 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகச் சத்யம் அறிவித்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழ, உடனே பின்வாங்கியது. கற்பனைச் சொத்தின் இடத்தில் நிஜச் சொத்தைக் கொண்டுவந்து வைக்கும் கடைசி முயற்சி அது என்று கடிதமே சொன்னது. ஆண்டறிக்கையில் தொடர்புடைய தரப்பினர் பற்றிய குறிப்பை ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள்.

படி 5: செலவு சொத்தாக மாறியிருக்கிறதா?

சத்யம் விற்பனையைப் பெருக்கியது. அமெரிக்காவின் வேர்ல்ட்காம் தொலைபேசி நிறுவனம் செலவைச் சுருக்கியது. அழைப்புகளைப் பிற நிறுவனங்களின் கம்பிகள் வழியே கொண்டுசெல்ல அது கட்டணம் தர வேண்டும். அந்த மாதத்தோடு பயன் முடிந்துபோகும் வருவாயினச் செலவு அது. வேர்ல்ட்காம் அதில் ஒரு பகுதியை முதலினச் செலவாக, ஏதோ கருவி வாங்கியதுபோல, நிலைச் சொத்தில் ஏற்றியது. 2001-இல் மட்டும் 305.5 கோடி டாலர். 

அறிக்கையில் காட்டிய கம்பிக் கட்டணம் 1,473.9 கோடி டாலர், உண்மை 1,779.4 கோடி. வரிக்கு முந்தைய இலாபமாகக் காட்டியது 239.3 கோடி, 305.5-ஐக் கழித்தால் 66.2 கோடி நட்டம். வருவாயில் கம்பிக் கட்டணத்தின் பங்கு உண்மையில் 50 சதவீதத்தைத் தாண்டியிருக்க, 42 சதவீதத்தை ஒட்டியே வைத்திருந்தார்கள். தொலைத்தொடர்புத் துறையே சரிந்துகொண்டிருந்தபோது இந்த ஒரு நிறுவனத்தின் விகிதம் மட்டும் அசையாமல் நின்றது. அசையாத விகிதமும் ஓர் அறிகுறிதான்.

ரொக்க ஓட்ட அறிக்கையில் இது எப்படித் தெரியும்? வெளியே போன பணம் அதேதான். செயல்பாட்டுப் பிரிவில் கழிய வேண்டியது முதலீட்டுப் பிரிவுக்குத் தாவிவிடுகிறது. அதனால் செயல்பாட்டு ரொக்கம் மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். அதிலிருந்து நிலைச் சொத்துக்குச் செலவிட்டதைக் கழித்து மிச்ச ரொக்கத்தைப் பாருங்கள்; செலவை எந்தப் பிரிவில் எழுதினாலும் அந்த எண் மாறாது. ஐந்தாண்டு மிச்ச ரொக்கம் குறைவாகவோ எதிர்மறையாகவோ இருக்க, இலாபம் மட்டும் ஏறிக்கொண்டே போனால் நிலைச் சொத்துக் குறிப்பைத் திறந்து, அந்த ஆண்டு என்னென்ன சேர்க்கப்பட்டது என்று வரிவரியாகப் படியுங்கள்.

செலவைச் சொத்தாக்குவது எல்லா நேரமும் தவறில்லை. வாகன நிறுவனங்கள் புதிய மாடல் உருவாக்கும் செலவில் ஒரு பகுதியை விதிகளின்படியே சொத்தாக்குகின்றன. ஆலை கட்டும்போது கடன் வட்டியும் ஆலையின் விலையில் சேரும். ஒரே துறையின் இரு நிறுவனங்களை ஒப்பிடும்போது, ஒருவர் சொத்தாக்கியதை இன்னொருவர் செலவு எழுதியிருந்தால், முதலாமவரின் இலாபத்திலிருந்து அந்தத் தொகையைக் கழித்து, அதன் மேல் எழுதிய தேய்மானத்தைத் திரும்பக் கூட்டி, பிறகு ஒப்பிடுங்கள்.

வேர்ல்ட்காமில் இதைக் கண்டுபிடித்தது சிந்தியா கூப்பர் தலைமையிலான உள்தணிக்கைக் குழு. பதிவுகளுக்கு ஆதாரச் சீட்டு கேட்டார்கள், கிடைக்கவில்லை. 2002 ஜூன் 25-இல் செய்தி வெளியானது, ஜூலை 21-இல் நிறுவனம் திவால் மனு போட்டது.

படி 6: தணிக்கையாளர் எழுதியதைக் கடைசி வரி வரை

சத்யத்தின் வங்கி இருப்பை உறுதிசெய்யும் கடிதங்களை வங்கிகளுக்கு நேரே அனுப்பி நேரே பெறாமல், அந்த வேலையைத் தணிக்கையாளர்கள் நிர்வாகத்தின் கையிலேயே விட்டிருந்தார்கள். 2011 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் இதற்காகப் பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய அமைப்புகள் மீது நடவடிக்கை எடுத்தது. தணிக்கைக் கையெழுத்து இருக்கிறது என்பதால் நம் வேலை குறைவதில்லை.

தணிக்கை அறிக்கையின் இணைப்பில் காரோ 2020 (தணிக்கையாளர் எவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வகுக்கும் அரசாணை) படியான பதில்கள் இருக்கும். 5 கோடிக்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் வரம்பு பெற்ற நிறுவனம் வங்கிக்குத் தந்த காலாண்டு விவரங்கள் ஏட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று அதில் சொல்ல வேண்டும். வேறுபாடு இருந்தால் தொகையோடு அட்டவணை இருக்கும். அதைப் படிப்பவர்கள் குறைவு. ஒரே சரக்கிருப்புக்கு வங்கியிடம் ஓர் எண்ணும் நம்மிடம் வேறோர் எண்ணும் சொல்லப்பட்டிருப்பது இங்கேதான் தெரியவரும். ஆண்டின் நடுவே தணிக்கையாளர் விலகியிருந்தால் அதுவும் இதே இணைப்பில் இருக்கும்.

வட்டமிட்ட இடங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியக் கேள்வி எழுதுங்கள். “கணக்கு சரியில்லை” என்று எழுதினால் பதில் வராது. “குறிப்பு எண் இதில் ஓராண்டைத் தாண்டிய கடனாளிகள் இத்தனை கோடியிலிருந்து இத்தனை கோடியாகியிருக்க, வாராக்கடன் ஒதுக்கீடு ஏன் கூடவில்லை?” என்று குறிப்பு எண், பக்க எண், இரண்டு ஆண்டுத் தொகைகளோடு எழுதுங்கள். நிறுவனச் செயலாளரின் மின்னஞ்சல் ஆண்டறிக்கையிலேயே இருக்கும். பங்குதாரர் என்றால் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பில் கேள்வி அனுப்பக் கடைசி நாள் எது என்று பார்த்து, அதற்குள் அனுப்பிவிடுங்கள்.