ரோமானிய இடிபாடுகளை மையால் வரையும் முறை

ரோமானிய இடிபாடுகளை வரையப் பழகுவோர், 1720 முதல் 1778 வரை வாழ்ந்த ஜியோவானி பத்திஸ்தா பிரானேசி செப்புத் தகடுகளில் அமிலத்தால் பொறித்த ரோம் நகரக் காட்சிகளை முதலில் உற்றுநோக்க வேண்டும். அவர் பல கட்டடங்களை நேர்முகமாக வைக்காமல், தாழ்ந்த இடத்திலிருந்து சாய்வாகப் பார்த்து, அடியில் மிகச் சிறிய மனிதர்களை நிறுத்தியதால்தான் அவை அவ்வளவு பேருருக் கொள்கின்றன.

சென்னையில் பயிற்சிக்கு, எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட புனித ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் அயோனியத் தூண்களே (உச்சியில் சுருள் வடிவம் கொண்டவை) என் தேர்வு. வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில், ஒரு தூணின் சுருள் தலைப்பையும் அதன் கீழ் இறங்கும் நிழலையும் மட்டும் தாள் நிறைய வரையுங்கள். நிழலை ஒரே கறுப்பாக நிரப்பாமல், வளைவைத் தொடரும் கோடுகளை அடுக்கி, ஆழமான இடத்தில் மட்டும் குறுக்குக் கோடுகளைச் சேருங்கள்.

பின் ரோமானிய இடிபாட்டையே வரையும்போது, சிதைவைக் கடைசியில் காட்டுங்கள்: செங்கல் வளைவு வாயிலை முழுதாகப் பென்சிலால் வரைந்த பின், முகப்புச் செங்கல் உதிர்ந்த இடங்களில் உள்ளிருக்கும் கரடுமுரடான ரோமானிய கான்கிரீட்டை வெளிப்படுத்துங்கள்.