இரண்டாவது கூட்டை முதலில் கட்டுங்கள்

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு தம்பி கோழிக்கூடு கட்டி முடித்துவிட்டு, "அண்ணே, ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டான். போனேன். நீலப் பெயின்ட் அடித்த சட்டம், தகரக் கூரை, சுற்றிலும் கோழிவலை, குனிந்து கையை மட்டும் விடுகிற மாதிரி ஒரு சின்னக் கதவு. உள்ளே பத்துப் பெட்டை, ஒரு சேவல். "நல்லாருக்குப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை. பெயின்ட் நிறத்தைத் தவிர, பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் கட்டிய அதே கூடு அது.

இருட்டியதும் கூட்டைச் சாத்து, தண்ணீரைத் தினமும் மாற்று என்பதெல்லாம் இங்கே இல்லை. அது யாருக்கும் தெரியும். தெரியாமல், அல்லது தெரிந்தும் அலட்சியமாக, நான் செய்த சிலதை மட்டும் எழுதுகிறேன்.

முட்டைக்கா, குழம்புக்கா

முட்டைக்கு என்று சொல்லிக்கொண்டு பெருவிடை என்கிற பெரிய ஜாதி நாட்டுக்கோழியை வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஆனால் நம்ம ஊர் நாட்டுக்கோழி, சிறுவிடையோ பெருவிடையோ, பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்துவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். வருடத்துக்கு 60 முதல் 80 முட்டை வந்தால் நல்ல கோழி. தினமும் வீட்டுக்கு முட்டை வேண்டுமென்றால் ஐதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய கிராமப்பிரியா போன்ற ரகம் வேண்டும். கொல்லையில் விட்டு வளர்த்தாலே வருடத்துக்கு 150 முட்டையைத் தாண்டும், அடைக்கும் அவ்வளவாக உட்காராது. குஞ்சு பொரிக்க ஒன்றிரண்டு சிறுவிடையைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவில் பச்சை, ரோஸ் சாயம் அடித்துக் கூடையில் விற்பார்களே, அந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் கழித்துவிட்ட சேவல் குஞ்சுகள். பிள்ளைகள் அழுதால் வாங்கிக் கொடுங்கள். முட்டையை எதிர்பார்க்காதீர்கள்.

கோழிவலை

கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும். வெளியே இருப்பதைத் தடுக்காது. என் கூட்டில் மரநாய் வலையைப் பல்லால் பிய்த்து ஒரே ராத்திரியில் மூன்று கோழியைக் கடித்துப் போட்டது. தின்றது ஒன்றைத்தான். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வாங்குங்கள். விலை கூடத்தான். கீரி மண்ணைத் தோண்டி வரும் என்பதால், வலையின் அடியை வெளிப்பக்கமாக ஒரு அடி மடித்து மண்ணில் புதைத்து, மேலே கல்லைப் போடுங்கள்.

தகரமும் தார்ப்பாயும்

கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். சித்திரை மாதம் மத்தியானத்தில் வெறும் தகரக் கூரைக்கு அடியில் அதை அடைத்து வைப்பது அடுப்பில் வைப்பதுதான். தகரம் போட்டுவிட்டீர்கள் என்றால் மேலே தென்னங்கீற்றைப் பரப்புங்கள். கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேராக உள்ளே விழாது.

ஐப்பசியில் இதற்கு நேர் எதிரான தவறு நடக்கும். கோழி நனையக் கூடாது, குளிரக் கூடாது என்று நாலு பக்கமும் தார்ப்பாயைக் கட்டிவிடுவார்கள். நம்ம ஊர்க் குளிரில் எந்தக் கோழியும் சாகாது. ஈரத்தில்தான் சாகும். எச்சமும் ஈரமும் சேர்ந்து கிளப்புகிற நெடியில் கண் வீங்கி, சளி பிடித்து, ஒவ்வொன்றாகத் தூங்க ஆரம்பிக்கும். விடிகாலையில் கூட்டுக்குள் குத்தவைத்து உட்கார்ந்து, கோழி நிற்கிற உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். உங்களுக்குக் கண் எரிந்தால் அதற்கு ராத்திரி முழுக்க எரிந்திருக்கிறது. சாரல் அடிக்கிற பக்கத்தை மட்டும் மறைத்து, மேலே ஒரு அடி திறந்து விடுங்கள்.

இப்படி உட்கார்ந்து பார்ப்பதற்கு நீங்கள் உள்ளே நுழைய முடிய வேண்டும். கைவிடுகிற கதவு வைத்த கூட்டை யாரும் ஒழுங்காகக் கூட்டிப் பெருக்கியதில்லை, நான் உட்பட.

சந்தைக்கோழி

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு அப்போது பதினான்கு பெட்டை. தினமும் பத்து, பதினோரு முட்டை. அக்கம்பக்கத்தில் விற்றுத் தீவனக் காசை எடுத்துவிட்ட திமிர் வேறு. ஒரு சித்திரை மாதம் வாரச்சந்தைக்கு வாழைத்தார் வாங்கப் போனவன், செவலை நிறத்தில் ஒரு பெட்டையைப் பார்த்தேன். கொண்டை ரத்தச் சிவப்பு, கண்ணில் நல்ல களை. பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன்.

புதுக்கோழியை மற்றவை கொத்தும் என்பது தெரியும். அப்பத்தா சொன்ன வழி ஒன்று உண்டு: இருட்டியபின் கொண்டுபோய் மற்ற கோழிகளோடு கழியில் உட்கார வைத்துவிட்டால், விடியும்போது ஒன்றோடொன்று பழகியிருக்கும். அப்படியே செய்தேன். சண்டையே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாலாவது நாள் செவலை இறகைச் சிலுப்பிக்கொண்டு மூலையில் நின்றது. சின்ன வெங்காயமும் மிளகும் மஞ்சளும் அரைத்து உருண்டை கொடுத்தேன். ஐந்தாவது நாள் செத்தது. வெயில் என்று நினைத்துப் புதைத்தேன். அடுத்த வாரத்தில் என் கோழிகள் விழ ஆரம்பித்தன. வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், வாயைப் பிளந்துகொண்டு மூச்சு, மூக்கில் கோழை. ஒன்று கழுத்தைத் திருகி வானத்தைப் பார்த்துக்கொண்டே வட்டமடித்தது. அதைப் பார்த்துவிட்டு என் மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பத்து நாளில் பதினான்கில் மிஞ்சியது இரண்டு. அந்த இரண்டும் ஒழுங்காக முட்டை வைக்கவே இல்லை.

வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்வதுதான் ராணிக்கெட் நோய். 1920களின் கடைசியில் இமயமலைப் பகுதியில் உள்ள ராணிக்கெட் என்ற ஊரில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். வைரஸ் நோய். வந்த பிறகு மருந்து கிடையாது. வெங்காயமும் மிளகும் கொடுத்துப் பிழைத்தது என்று யாராவது சொன்னால், அது வேறு நோயாக இருந்திருக்கும், இல்லையென்றால் அந்தக் கோழிக்கு ஏற்கனவே எதிர்ப்புச் சக்தி இருந்திருக்கும்.

இதில் எனக்கு இன்னும் ஆத்திரம் தீராதது ஒன்றுண்டு. எனக்கு விற்ற அம்மா ஏமாற்றுக்காரி என்று நான் நினைக்கவில்லை. ஊரில் சீக்கு நுழைந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: வீட்டில் இரண்டு செத்ததும், மிச்சம் நன்றாக இருக்கும்போதே காசாக்கிவிட வேண்டும் என்று சந்தைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். கிருமி உடம்பில் நுழைந்து வெளியே தெரிய இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். அதுவரை கொண்டை சிவப்பாகத்தான் இருக்கும். கோழியை எவ்வளவு பார்த்து வாங்கினாலும் இது தெரியாது. தெரியாததைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியும் என்று நம்பினேனே, அந்த ஆத்திரம் என்மேல்தான். "ஒரு கோழிதானே அண்ணே" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். எனக்கும் ஒரு கோழிதான்.

ஆகவே முதல் கூட்டைக் கட்டுவதற்கு முன்னால் இரண்டாவது கூட்டைக் கட்டுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். நாலடிக்கு மூன்றடி, இரண்டடி உயரம், தரையிலிருந்து தூக்கி நிறுத்த நாலு கால், கம்பி அடிப்பாகம். என்னுடையது பழைய கட்டில் சட்டத்தில் செய்தது. பெரிய கூட்டிலிருந்து முடிந்தவரை தள்ளி, கொல்லையின் அந்தக் கோடியில் வையுங்கள். வெளியிலிருந்து எந்தக் கோழி வந்தாலும், சம்பந்தி வீட்டுச் சீராகவே வந்தாலும், மூன்று வாரம் அதில்தான். முதலில் உங்கள் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு, கடைசியாகத்தான் புதுக்கோழிக்குப் போக வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் தனி, செருப்புகூடத் தனி. எச்சம் ஒட்டிய செருப்பிலும் சாக்கிலும் முட்டை அட்டையிலும் அந்தக் கிருமி ஊர்வலம் வரும். இந்த மூன்று வாரத்திலேயே குடற்புழு மருந்தையும் கொடுத்து, இறகைப் பிரித்துப் பேன், செல் என்கிற பொடிப்பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். கடைசியில் உங்கள் கோழிகளில் ஒன்றை, போனாலும் பரவாயில்லை என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு, புதுசோடு ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அப்பத்தா சொன்ன மாதிரி ராத்திரியில் கழியில் ஏற்றலாம்.

தடுப்பூசி போட்டுவிட்டால் போதாதா என்பார்கள். போட்டுத்தான் ஆக வேண்டும். குஞ்சுக்கு ஒரு வாரத்துக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரம் இன்னொரு முறை, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. குப்பி 100 கோழி, 200 கோழிக் கணக்கில் வருவதால் பத்துக் கோழி வைத்திருப்பவர் வாங்குவதில்லை. தெருவில் நாலு வீட்டைச் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போடுங்கள், கலக்கிய மருந்தை அடுத்த நாளுக்கு வைக்க முடியாது. பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் கழிச்சல் தடுப்பூசி முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போனால் செலவே இல்லை. நான் முதல் தடவை வாங்கியபோது குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி, வழியில் டீயும் குடித்துவிட்டு வந்தேன். பனிக்கட்டி இல்லாமல் அந்த வெயிலில் வந்த மருந்தும் குழாய்த் தண்ணீரும் ஒன்றுதான். ஊசி போட்டிருந்த என் பதினான்கு கோழி விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பின்னால்தான் உறைத்தது.

சீக்கு உள்ளே வந்துவிட்டால் மிச்சம் இருப்பதைச் சந்தைக்குக் கொண்டு போகாதீர்கள். செத்ததை வாய்க்காலில் வீசாதீர்கள். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பைத் தூவிப் புதையுங்கள். கூட்டுத் தரையில் பரப்பியிருந்த உமியை எல்லாம் வாரி எரித்துவிட்டு, தரைக்குச் சுண்ணாம்பு அடித்து, கூட்டைக் குறைந்தது ஒரு மாதம் வெயிலில் காயப் போட்ட பிறகுதான் அடுத்த கோழி.

முட்டைப் பெட்டி

கோழி அடையும் கழியைவிடப் பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே தூங்கி அதிலேயே எச்சம் போடும். நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி போதும்.

சேவல்

முட்டைக்குச் சேவல் தேவையில்லை. குஞ்சுக்குத்தான் தேவை.

தோல்முட்டை

பழைய சோறும் குருணையும் மட்டும் போட்டால் கோழி தொப்பை வைக்கும், முட்டை வைக்காது. வைத்தாலும் ஓடு இல்லாமல் தோல்முட்டையாக விழும். அதை மற்றொரு கோழி கொத்தி ருசி கண்டுவிட்டால் முட்டை தின்னுகிற பழக்கம் கூட்டம் முழுக்கப் பரவிவிடும். ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். அதைத் தீனியில் கொடுக்காவிட்டால் எலும்பிலிருந்து எடுக்கும். தீவனக் கடையில் கிளிஞ்சல் கேட்டு வாங்கி, ஒரு டப்பாவில் தனியாக வையுங்கள், வேண்டியது தின்றுகொள்ளும். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடாதீர்கள், அத்தனை கால்சியத்தை அதன் சிறுநீரகம் தாங்காது. கடலைப்புண்ணாக்கில் பூஞ்சை வாடை வந்தால் காசு போனாலும் கொட்டிவிடுங்கள்.

அடைக்கோழி

முட்டையே இல்லாத பெட்டியில் நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கும் கோழியைத் தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகைச் செருகுவது எல்லாம் எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். வேண்டாம். அந்த இரண்டாவது கூடு இருக்கிறதே, அதன் கம்பி அடிப்பாகத்தில் வைக்கோல் எதுவும் போடாமல் தீனி தண்ணீரோடு மூன்று நாலு நாள் விடுங்கள். அடிவயிற்றில் காற்றுப் பட்டால் அடை கலைந்துவிடும். கொத்து வாங்கிக் காயம்பட்ட கோழிக்கும் அதே கூடுதான் ஆஸ்பத்திரி.

இறகு உதிர்ந்தால்

சீக்கு இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை இறகு மாற்றும், அப்போது முட்டையை நிறுத்தும். குழம்பு வைத்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் மறுவாரமே போய்ச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். தகரத்தின் மேல் கீற்று ஏறியது, வலையும் மாறியது, கொல்லைக் கோடியில் சின்னக் கூடு ஒன்றும் முளைத்தது. நேற்று ராத்திரி போன் பண்ணினான். மாமியார் ஊரிலிருந்து இரண்டு விடைக்கோழி கொடுத்து அனுப்பியிருக்கிறார்களாம், எங்கே விடுவது என்று கேட்டான். சின்னக் கூடு எங்கேடா என்றேன். அதில் தவிட்டு மூட்டை இருக்கிறதாம்.

மூட்டையை இறக்கி வை, கோழியைக் கூடையைவிட்டு எடுக்காதே, இதோ வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினேன்.