நகராட்சிக்கு வெளிவிளக்கு விதி எழுதுவது எப்படி?

"விளக்குகள் கண்ணைக் கூசாத வகையில் அமைக்கப்பட வேண்டும்" என்று ஒரு வரித் தீர்மானம் போட்டால், அதை வைத்து ஒப்பந்ததாரரை ஒரு கேள்வியும் கேட்க முடியாது. அளந்து பார்த்து 'சரி', 'தப்பு' என்று சொல்லக்கூடிய எண் இருந்தால்தான் விதி நிற்கும். மன்றத்தில் பொருள் வைக்கும் கவுன்சிலர்களும் பகுதி சபாவில் கோரிக்கை வைப்பவர்களும் அந்த எண்களைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

முதல் வேலை, இருப்பதை அளப்பது. அமாவாசையை ஒட்டிய இரவில், கடைகள் மூடியபின், லக்ஸ் மீட்டரை (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை 'லக்ஸ்' என்ற அலகில் காட்டும் கருவி) தரையில் வானம் பார்க்க வைத்து, இரண்டு கம்பங்களுக்கு இடையே 3 மீட்டருக்கு ஒரு புள்ளியாகச் சாலையின் இரு ஓரமும் நடுவும் அளக்கவும். செல்போன் செயலியின் அளவீட்டை நம்ப வேண்டாம். தெருவிளக்குக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1944. அதன்படி சராசரி வெளிச்சம் பெரும் போக்குவரத்துச் சாலைக்கு 30 லக்ஸ், அடுத்த நிலைச் சாலைக்கு 15. உள்சாலைகளுக்குப் போக்குவரத்தைப் பொறுத்து 8 அல்லது 4. உள்சாலையில் மிகக் குறைந்த புள்ளி, சராசரியில் 0.3 பங்காவது இருக்க வேண்டும். 8 லக்ஸ் தெருவுக்கு அது 2.4.

பல தெருக்களில் கம்பத்தடியில் 40 லக்ஸ், நடுவில் 1 லக்ஸ் என்று வரும். "இருட்டா இருக்கு, பெண்கள் நடக்க பயப்படுறாங்க" என்ற புகார் பிறப்பது அங்கேதான், அந்தப் புகார் நியாயமானது. ஆனால் வாட்டைக் கூட்டினால் கம்பத்தடி இன்னும் பளிச்சென்று ஆகும். அதற்குப் பழகிய கண்ணுக்கு நடுப்பகுதி மேலும் இருட்டாகத் தெரியும். இடைவெளியைக் குறைக்கவும், அல்லது ஒளியை அகலமாகப் பரப்பும் லென்ஸ் கொண்ட ஃபிட்டிங் (விளக்கும் அதன் கூடும் சேர்ந்த முழு அமைப்பு) கேட்கவும்.

விதியில் முதலில் வர வேண்டியது மறைப்பு: கிடைமட்டத்துக்கு மேல் ஒளி பூஜ்யம். ஃபிட்டிங் சரியாக இருந்தும் இது கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கம்பத்தின் கைதான். சோடியம் விளக்குக் காலத்துக் கை 10, 15 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதிலேயே தட்டையான எல்இடியை மாட்டினால் விளக்கும் அதே கோணத்தில் அண்ணாந்து நிற்கும். எதிர்வீட்டு மாடி ஜன்னல் வெளிச்சமாகும், தெரு ஆகாது. கோணம் மாற்றக்கூடிய பிடி உள்ள ஃபிட்டிங்கை டெண்டரிலேயே கேட்டு, மாட்டும்போது கண்ணாடி முகத்தில் ரசமட்டம் வைத்துப் பார்த்து போல்ட்டை இறுக்கச் சொல்லவும். ஐந்து நிமிட வேலை, ஆனால் எழுதி வைக்காவிட்டால் யாரும் செய்வதில்லை.

அளவை வாட்டில் எழுதாதீர்கள். வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம், லூமன் என்பது அது தரும் மொத்த ஒளி. ஒரே 70 வாட் விளக்கு, வாட்டுக்கு 90 லூமன் என்றால் 6,300 லூமன் தரும். 140 என்றால் 9,800. லூமனில் எழுதுங்கள். நிறத்துக்கு 3000 கெல்வின் உச்சவரம்பு போதும் (கெல்வின் எண் கூடக்கூட வெள்ளை நீலத்தை நோக்கிப் போகும்). 5700, 6500 கெல்வின் வெள்ளையில் நீல ஒளி அதிகம். அது காற்றில் அதிகம் சிதறி வானத்தை வெளுக்க வைக்கும். கடற்கரையில் இதுவும் போதாது. பங்குனி ஆமைக் குஞ்சுகள் பொரிந்ததும் வெளிச்சமான பக்கம் ஊரும்; கடலுக்குப் பதில் சாலைக்கு வந்து சாகும். அங்கே ஒளியின் அலைநீளம் 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஆம்பர் (மஞ்சள் கலந்த ஆரஞ்சு) விளக்கு மட்டும், அதுவும் மணலில் விழாமல்.

தனியார் விளக்குக்கு: இரவு 11 மணிக்குமேல் பக்கத்து வீட்டு ஜன்னலில் விழும் ஒளி நகருக்குள் 2 லக்ஸ், ஊர் ஓரத்தில் 1 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது. எல்இடி விளம்பரப் பலகைக்கு இரவில் அதிகபட்சம் 100 நிட்ஸ் (பலகை முகத்தின் பிரகாச அளவு) என்று உரிமத்திலேயே நிபந்தனை வைக்கலாம்.

அமெரிக்காவின் ஃப்ளாக்ஸ்டாஃப் நகரம் 1958-லேயே விளம்பரத் தேடொளி விளக்குகளைத் தடை செய்தது. லோவெல் வானாய்வகம் இருக்கும் ஊர் அது. பின்னாளில் அங்கே ஆய்வகங்களைச் சுற்றி மண்டலம் பிரித்து, ஏக்கருக்கு இத்தனை லூமன் என்று மொத்த வரம்பும் கொண்டுவந்தார்கள். காரணம், மறைப்பு மட்டும் இருந்தால், விளக்குகளின் எண்ணிக்கை பெருகப் பெருகத் தரையில் பட்டுத் திரும்பும் ஒளியே வானத்தை நிரப்பிவிடும். 2001-இல் உலகின் முதல் சர்வதேச இருள்வான நகரம் (இரவு வானத்தின் இருளைக் காக்கும் ஊருக்குத் தரப்படும் அங்கீகாரம்) ஆனது அந்த ஊர்தான்.

நம் ஊரின் முழுமைத் திட்டத்திலும் (மாஸ்டர் பிளான்) நிலப்பயன்பாட்டு வரைபடத்தின் மேலேயே ஒளி மண்டலங்களைக் குறிக்க வேண்டும்: பஸ் ஸ்டாண்டு, கடைவீதி முதல் மண்டலம், குடியிருப்பு இரண்டாம் மண்டலம், ஏரி, காடு, வயல், கடற்கரை மிகக் குறைந்த ஒளிக்கான மூன்றாம் மண்டலம். வயலை விட்டுவிடாதீர்கள். பகல் நீளத்தை உணரும் சம்பா ரகங்களில் இரவு வெளிச்சம் பட்ட வரப்போரப் பயிர் கதிர் விடத் தாமதமாகும். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு மூன்றாம் மண்டலம்தான் பொருத்தம்.

முழுமைத் திட்டம் ஏறக்குறைய 20 ஆண்டுக்கானது. எல்இடி ஃபிட்டிங்கின் ஆயுள் சுமார் 10 ஆண்டு. எனவே பழைய விளக்கைப் பழுதாகும்போது புதிய விதிப்படி மாற்றலாம், எப்படியும் பத்தாம் ஆண்டுக்குள் முடிய வேண்டும் என்று கெடு வைத்தால் கூடுதல் செலவு அதிகம் வராது. கெடு இல்லாத விதியில் பழைய ஹைமாஸ்ட் (உயரக் கம்பத்தில் பல விளக்குகள்) அப்படியே நிற்கும்.

தனியாரைக் கட்டுப்படுத்தும் துணைவிதிக்கு அரசின் ஒப்புதல் வேண்டும், நாளாகும். நகராட்சியின் சொந்த விளக்குகளுக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த டெண்டரிலேயே சேர்க்கலாம். இரவு அளவீட்டில் லக்ஸ், சாய்வு, நிறம் மூன்றும் தேறினால்தான் இறுதி பில் என்ற நிபந்தனையை அதில் தனி வரியாக எழுதுங்கள்.