ஆள் வராத நாட்களைக் குறைப்பது எப்படி? சிறு கடை முதலாளிகளுக்கு

காலை ஆறரைக்கு வாட்ஸ்அப்பில் "அண்ணே, உடம்பு முடியல, எம்சி" (மருத்துவர் தரும் லீவுச் சான்றிதழ்) என்று ஒரு செய்தி வந்தால் போதும். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையில் பத்துப் பேரை வைத்துச் சாப்பாட்டுக் கடை நடத்துபவருக்கு அன்றைய பொழுது போச்சு. லீவே எடுக்காத ஊழியர் எங்கேயும் கிடைக்க மாட்டார். திடீர் லீவை முன்கூட்டியே தெரிந்த லீவாக மாற்றுவதுதான் நம்மால் முடிந்த வேலை.

படி 1: சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று மாதம் வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு 5 நாள் மருத்துவ விடுப்பு உண்டு. ஆறு மாதம் ஆனதும் அது 14 நாளாகும். மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தால், அந்த 14 நாளையும் சேர்த்து 60 நாள் வரை. ஊழியர் 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். முறையான எம்சி காட்டியவரிடம் "பொய்தானே?" என்று கேட்டுச் சண்டை போடுவதில் லாபமில்லை.

படி 2: எழுதி வையுங்கள். ஒரு நோட்டு போதும். தேதி, கிழமை, பெயர், காரணம், எப்போது தகவல் வந்தது என்று ஐந்து கட்டம். கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். முந்தைய இரவே சொன்னவரும், கடை திறந்த பிறகு சொன்னவரும் ஒன்றல்ல.

படி 3: கணக்குப் பாருங்கள். பிராட்ஃபோர்டு கணக்கு என்று ஒன்று இருக்கிறது. எத்தனை தடவை வரவில்லை என்பதை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை மொத்த நாட்களால் பெருக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்காக ஒரே தடவையில் 10 நாள் போனவருக்கு 1×1×10, அதாவது 10. பத்துத் தடவை ஒவ்வொரு நாளாகப் போனவருக்கு 10×10×10, அதாவது 1000. நாள் இரண்டு பேருக்கும் 10தான், ஆனால் கடையைத் தடுமாற வைத்தவர் இரண்டாமவர். இந்த எண்ணை வைத்துத் தண்டிக்கக் கூடாது. சர்க்கரை நோய்க்காக அடிக்கடி மருத்துவரிடம் போகிறவருக்கும் எண் ஏறும். யாரிடம் முதலில் உட்கார்ந்து பேசுவது என்று காட்டினால் போதும்.

படி 4: பேசுங்கள். திரும்பி வந்த அன்றே, தனியாக, ஐந்து நிமிடம். "இப்ப பரவாயில்லையா அக்கா? இந்த வாரம் இரவு ஷிப்ட் வேணாமா?" என்று தொடங்கினால் உண்மை வெளியே வரும். பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, மலேசியாவின் ஜொகூரிலிருந்து வருகிறவர் எல்லைக் கடற்பாலத்து நெரிசலில் மாட்டிக்கொள்கிறார் என்பதெல்லாம் எம்சியில் எழுதியிருக்காது. ஏழு வயதுக்குட்பட்ட சிங்கப்பூர்க் குடியுரிமைப் பிள்ளை இருந்தால், மூன்று மாதம் வேலை செய்த பெற்றோருக்கு ஆண்டுக்கு 6 நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. அதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

வேலை நேரத்தை மாற்றித் தரும்படி ஊழியர் முறைப்படி எழுதிக் கேட்டால், 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டிக் குறிப்புகளின்படி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுக்கலாம், ஆனால் வியாபாரம் சார்ந்த நியாயமான காரணம் வேண்டும்.

படி 5: அட்டவணையை முன்னாலேயே ஒட்டுங்கள். நம் கடைகள் கோட்டை விடுவது இங்கேதான். தீபாவளிக்குப் பொது விடுமுறை உண்டு. பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் இல்லை. பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடி எடுப்பவர், கூட நடக்கும் தம்பி, பால்குடம் தூக்கும் அக்கா எல்லோருக்கும் அன்றைக்கு லீவு வேண்டும். தேதியோ பல மாதம் முன்பே தெரியும். டிசம்பரிலேயே "தைப்பூசத்துக்கு யார் யார் போறீங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டால், அன்று காலை எம்சி வராது. போகாதவருக்கு வேறொரு நாள் லீவு கொடுங்கள். ஷிப்டைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளவும் விடுங்கள், உங்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அப்புறம், ஒரு நாள்கூட லீவு எடுக்காதவருக்கு மாதாமாதம் ஊக்கத்தொகை தரும் வழக்கம். சாப்பாட்டுக் கடைக்கு அது வேண்டவே வேண்டாம். ஐம்பது வெள்ளி (டாலர்) போய்விடுமே என்று வயிற்றுப்போக்கோடு வந்து ஒருவர் பரோட்டா மாவு பிசைந்தால், நஷ்டம் ஐம்பது வெள்ளியோடு நிற்காது.